பொருசியா மொன்ஷன்கிளாட்பாக்: 1970-களின் பொற்காலம்

பொருசியா மொன்ஷன்கிளாட்பாக் என்பது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், நெதர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள மொன்ஷன்கிளாட்பாக் நகரைச் சேர்ந்த காற்பந்துக் கழகம் ஆகும். 1900-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்கழகம் 1970 முதல் 1979 வரையிலான பத்தாண்டில் தேசிய லீக் பட்டத்தை 5 முறையும், ஜெர்மன் கோப்பையை ஒரு முறையும், யூஃபா கோப்பையை இரண்டு முறையும் வென்றது. அந்தப் பத்தாண்டுக்கு முன்பும் சரி, பின்பும் சரி, இக்கழகம் லீக் பட்டம் வென்றதில்லை.

பெருநகரமோ, பெரிய அரங்கமோ, பெரும் பணமோ இல்லாத ஒரு கழகம் பத்தாண்டுக் காலம் ஐரோப்பாவின் முன்னணி அணிகளோடு சமமாக நின்றது எப்படி, பிறகு அந்த இடத்தை இழந்தது ஏன் என்ற இரு கேள்விகளே இந்த வரலாற்றின் மையமாகும்.

நகரமும் கழகமும்

மொன்ஷன்கிளாட்பாக் நெசவாலைகளால் வளர்ந்த தொழில் நகரம். "பொருசியா" என்பது பிரஷ்யா என்ற பழைய நாட்டின் லத்தீன் பெயர். ஜெர்மனியில் வேறு சில கழகங்களும் இப்பெயரைத் தாங்கியுள்ளன. டோர்ட்முண்ட் நகரின் பொருசியா அவற்றுள் ஒன்று. எனவே இக்கட்டுரையில் மொன்ஷன்கிளாட்பாக் கழகம் சுருக்கமாக "கிளாட்பாக்" எனக் குறிக்கப்படுகிறது.

கழகத்தின் சொந்த அரங்கம் பொக்கல்பெர்க். பழைய சரளைக்கல் குழி ஒன்றில் அமைக்கப்பட்ட இந்த அரங்கம் 1919-இல் திறக்கப்பட்டது. சுமார் 34,000 பேர் கூடலாம் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்த்தனர். இருக்கைகள் குறைவு. இந்தச் சிறு அரங்கமே கழகத்தின் பலமாகவும் பலவீனமாகவும் இருந்தது.

மேற்கு ஜெர்மனியின் தேசிய லீக்கான புண்டஸ்லிகா 1963-இல் தொடங்கியபோது, அதில் கிளாட்பாக்குக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலையிலிருந்து முன்னேறி 1965-இல்தான் அது உள்ளே வந்தது. அதே ஆண்டில் அதே வழியில் உள்ளே வந்த மற்றோர் அணி பேயர்ன் மியூனிக். ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்த இரு மாணவர்களைப் போல இவ்விரு கழகங்களின் பயணமும் ஒன்றாகவே தொடங்கியது.

வைஸ்வைலரும் குதிரைக்குட்டிகளும்

1964-இல் கிளாட்பாக்கின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் ஹென்னஸ் வைஸ்வைலர். கொலோன் நகர விளையாட்டுக் கல்லூரியில் காற்பந்துப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்து வந்த ஆசிரியர் அவர். விலை கொடுத்து நட்சத்திர வீரர்களை வாங்கக் கழகத்திடம் பணம் இல்லாததால், சுற்றுவட்டாரத்து இளைஞர்களைத் தேடி எடுத்து வளர்க்கும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார்.

குந்தர் நெட்சர், யுப் ஹைன்கஸ் இருவரும் அந்த நகரிலேயே பிறந்தவர்கள். தடுப்பாட்டக்காரர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் அருகிலுள்ள பியூட்கன் என்ற சிற்றூரின் கழகத்திலிருந்து 1965-இல் வந்தவர். இவர்கள் இளமைக்கே உரிய துடிப்போடும் பயமின்றியும் ஓடி ஆடியதைக் கண்ட செய்தியாளர்கள் இந்த அணியைக் "குதிரைக்குட்டிகள்" என்று அழைக்கத் தொடங்கினர். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

வைஸ்வைலரின் ஆட்டமுறை வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. எதிரணி முன்னேறி வரும்போது பந்தைப் பறித்து, ஒரே நீண்ட உதையில் எதிரணியின் பின்புறத்துக்கு அனுப்பி, முன்கள வீரர்கள் பாய்ந்து சென்று கோல் அடிப்பதே அதன் சாரம். அந்த நீண்ட உதைகளை அளந்து கொடுத்தவர் நெட்சர். அவருக்காக நடுக்களம் முழுவதும் ஓடி உழைத்தவர் ஹெர்பர்ட் விம்மர். ஒருவருடைய கலையும் மற்றவருடைய உழைப்பும் சேர்ந்தே அணியின் நடுக்களம் உருவானது எனலாம்.

இந்த ஆட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. கோல்கள் ஏராளமாக வந்தன. 1967 ஜனவரியில் ஷால்க அணியை 11-0 என வென்றதே அதற்குச் சான்று. ஆனால் வாங்கிய கோல்களும் அதிகம். தாக்குதல் மட்டும் பட்டம் வாங்கித் தராது என்பதை உணர்ந்த கழகம், 1969-இல் அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்தது.

முதல் இரண்டு பட்டங்கள்

பலன் உடனே கிடைத்தது. 1969-70 பருவத்தில் 34 ஆட்டங்களில் 29 கோல்கள் மட்டுமே வாங்கி, கிளாட்பாக் முதல் முறையாக லீக் பட்டம் வென்றது. பேயர்ன் மியூனிக் இரண்டாம் இடம் பெற்றது.

அடுத்த பருவத்தில் பட்டத்தைத் தக்கவைக்கும் முயற்சி ஒரு மரக்கம்பத்தால் ஆபத்துக்குள்ளானது. 1971 ஏப்ரல் 3 அன்று பொக்கல்பெர்க்கில் வெர்டர் பிரெமன் அணிக்கு எதிரான ஆட்டம் 1-1 என்ற நிலையில் முடியும் தறுவாயில் இருந்தது. பந்தை எட்டிப் பாய்ந்த கிளாட்பாக் வீரர் ஹெர்பர்ட் லவ்மன் கோல் வலைக்குள் விழ, மரத்தாலான கோல் கம்பம் முறிந்து சாய்ந்தது. அதை நிமிர்த்தவும் முடியவில்லை. மாற்றுக் கம்பமும் இல்லை. நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். ஏற்பாட்டுக்குப் பொறுப்பான கழகம் என்ற முறையில் கிளாட்பாக் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, பிரெமனுக்கு 2-0 என வெற்றி வழங்கப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பின் ஜெர்மன் அரங்குகளில் மரக் கம்பங்களுக்குப் பதில் அலுமினியக் கம்பங்கள் வந்தன.

இருப்பினும் பருவத்தின் கடைசி நாளில் கிளாட்பாக் ஃபிராங்க்ஃபர்ட்டில் 4-1 என வென்றது. அதே நாளில் பேயர்ன் டூயிஸ்பர்க்கில் 0-2 எனத் தோற்றது. புண்டஸ்லிகா பட்டத்தை அடுத்தடுத்து இரு முறை வென்ற முதல் கழகம் என்ற பெருமை கிளாட்பாக்குக்குக் கிடைத்தது.

செல்லாமற்போன 7-1

லீக் பட்டம் வென்ற கழகங்களே அக்காலத்தில் ஐரோப்பியக் கோப்பையில் ஆட முடியும். இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முந்தைய வடிவம் அது. அதில் கிளாட்பாக்குக்குத் தொடக்கத்திலிருந்தே சோதனைதான். 1970 அக்டோபரிலும் நவம்பரிலும் இங்கிலாந்தின் எவர்ட்டனோடு ஆடிய இரு ஆட்டங்களும் 1-1 என முடிய, பெனால்டி உதைகளில் கிளாட்பாக் தோற்றது. ஐரோப்பியக் கோப்பை வரலாற்றில் பெனால்டி உதைகளால் முடிவு செய்யப்பட்ட முதல் மோதல் அதுவே.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேதனையானது. 1971 அக்டோபர் 20 அன்று பொக்கல்பெர்க்கில் இத்தாலியின் இன்டர் மிலான் அணியை 7-1 என கிளாட்பாக் வென்றது. நெட்சர் தலைமையில் அந்த அணி ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் இது என்று பலரும் கூறுவர். ஆனால் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த முடிவே செல்லாமற்போனதுதான்.

கிளாட்பாக் 2-1 என முன்னிலையில் இருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட குளிர்பான டப்பா ஒன்று இன்டர் வீரர் ரோபர்ட்டோ போனின்செஞ்ஞா மீது பட்டது. அவர் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டு செல்லப்பட்டார். அவருக்கு உண்மையிலேயே அடிபட்டதா, நடிப்பா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இன்டர் முறையிட்டதை ஏற்ற ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் ஆட்டத்தை ரத்து செய்து, பெர்லினில் மீண்டும் ஆடுமாறு உத்தரவிட்டது. இதற்கிடையே மிலானில் நடந்த ஆட்டத்தில் இன்டர் 4-2 என வென்றது. பெர்லின் ஆட்டத்தில் கிளாட்பாக்குக்குக் கிடைத்த பெனால்டியும் வீணாகி, ஆட்டம் 0-0 என முடிந்தது. கிளாட்பாக் வெளியேறியது, இன்டர் இறுதிப் போட்டி வரை சென்றது.

ஒரு பார்வையாளரின் ஒரு கணப் பொறுப்பின்மை பதினொருவரின் உழைப்பை அழித்த நிகழ்வாக இது ஜெர்மனியில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நெட்சரின் விடைபெறல்

1972-இல் மேற்கு ஜெர்மனி ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையை வென்றபோது, இறுதிப் போட்டியில் ஆடிய அணியில் நெட்சர், விம்மர், ஹைன்கஸ் ஆகிய மூவரும் இருந்தனர். நெட்சர் அப்போது நாடறிந்த நாயகன். நீண்ட தலைமுடி, வேகமான கார்கள், நகரில் அவர் நடத்திய நடன விடுதி ஆகியவை அக்கால இளைஞர்களை ஈர்த்தன. கழகத்தால் பெரிய சம்பளம் கொடுக்க முடியாததால், அரங்கில் விற்கப்படும் கழகப் பத்திரிகையை வெளியிடும் பொறுப்பும் அதன் வருமானமும் அவருக்குக் கிடைத்தன. கழகத்தின் பண நிலைமையை விளக்க இந்த ஒரு செய்தியே போதும்.

1973-இல் நெட்சர் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்துக்குச் செல்வது முடிவானது. அவருடைய கடைசி ஆட்டம் ஜூன் 23 அன்று டுசல்டார்ஃப் நகரில் கொலோன் அணிக்கு எதிராக நடந்த ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டி. பயிற்சியாளர் வைஸ்வைலர் அவரைத் தொடக்க அணியில் சேர்க்காமல் மாற்று வீரர்களோடு உட்கார வைத்தார். இடைவேளையில் ஆட அழைத்தபோது, அணி நன்றாகவே ஆடுகிறது என்று நெட்சர் மறுத்துவிட்டார்.

90 நிமிட முடிவில் ஆட்டம் 1-1. கூடுதல் நேரம் தொடங்கும் முன், களைத்துப் போயிருந்த இளம் வீரர் ஒருவரிடம் பேசிய நெட்சர், மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, தாம் இப்போது ஆடப்போவதாகப் பயிற்சியாளரிடம் தெரிவித்துவிட்டுத் தாமாகவே களமிறங்கினார். சில நிமிடங்களில், பந்து அவர் காலுக்கு வந்த இரண்டாம் முறையே வெற்றிக் கோலை அடித்தார். கிளாட்பாக் 2-1 என வென்றது. ஜெர்மன் காற்பந்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட விடைபெறல் இது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் யூஃபா கோப்பையின் இறுதியில் கிளாட்பாக் லிவர்பூலிடம் தோற்றிருந்தது. இரு ஆட்டங்களாக நடந்த அந்த இறுதியில் லிவர்பூலில் 0-3 எனத் தோற்று, சொந்த மண்ணில் 2-0 என வென்றது. ஒரே ஒரு கோல் குறைவு.

நெட்சருக்குப் பின் எழுந்த அணி

தலைவன் போனபின் அணி சரியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அப்படி நடக்கவில்லை. 1972-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆலன் சிமொன்சன் உருவத்தில் சிறியவர், ஓட்டத்தில் மின்னல். நடுக்களத்தில் ரைனர் பொன்ஹோஃப் வலிமையான உதைகளால் பெயர் பெற்றார். 1974 உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியில் கிளாட்பாக் வீரர்கள் ஐவர் இடம்பெற்றனர். இறுதிப் போட்டியில் ஃபோக்ட்ஸ் நெதர்லாந்தின் யோஹான் க்ரைஃபைக் கட்டுப்படுத்தும் பணியை ஏற்றார். பொன்ஹோஃப் அனுப்பிய பந்தைத்தான் கெர்ட் முல்லர் வெற்றிக் கோலாக்கினார்.

1975-இல் கிளாட்பாக் லீக் பட்டத்தையும் யூஃபா கோப்பையையும் சேர்த்து வென்றது. நெதர்லாந்தின் ட்வென்ட அணியோடு சொந்த நாட்டில் 0-0 என முடிந்த பின், அந்நிய மண்ணில் 5-1 என வெற்றி. ஹைன்கஸ் 3, சிமொன்சன் 2 கோல்கள் அடித்தனர். யூஃபா கோப்பையை வென்ற முதல் ஜெர்மன் கழகம் இதுவே.

அந்த உச்சத்தில் வைஸ்வைலர் பார்சிலோனாவுக்குப் புறப்பட்டார். பதினோர் ஆண்டுகள் ஒரே கழகத்தை வளர்த்த ஆசிரியரின் இடத்துக்கு வந்தவர் உடோ லாட்டக். பேயர்ன் மியூனிக்குக்குத் தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள் வாங்கித் தந்தவர் அவர். வைஸ்வைலர் தாக்குதலை விரும்பினார் என்றால், லாட்டக் கணக்குப் போட்டு ஆடினார். கோல்கள் குறைந்தன, பட்டங்கள் குறையவில்லை. 1976-இலும் 1977-இலும் கிளாட்பாக்கே லீக் வாகையர். 1977-இல் கடைசி ஆட்டத்தில் மியூனிக்கில் 2-2 எனச் சமன் செய்து, ஷால்க அணியை ஒரே புள்ளியில் முந்தியது.

1969 முதல் 1977 வரையிலான ஒன்பது பருவங்களில் பேயர்ன், கிளாட்பாக் இரண்டைத் தவிர வேறு எந்தக் கழகமும் புண்டஸ்லிகா பட்டம் வெல்லவில்லை. பேயர்ன் நான்கு, கிளாட்பாக் ஐந்து.

ரோம் நகர இறுதி

ஐரோப்பியக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 1976 காலிறுதியில் ரியல் மாட்ரிட்டோடு 2-2, 1-1 என இரு ஆட்டங்களும் சமன். மொத்த கோல்கள் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணி வெல்லும் என்ற அக்கால விதிப்படி மாட்ரிட் முன்னேறியது. மாட்ரிட் ஆட்டத்தில் கிளாட்பாக் அடித்த இரண்டு கோல்களை நடுவர் ஏற்க மறுத்தது பெரும் சர்ச்சையானது. அந்த மாட்ரிட் அணியில் நெட்சர் இருந்தது விதியின் விளையாட்டு.

1977 மே 25 அன்று ரோம் நகரில் இறுதிப் போட்டி. எதிரணி மீண்டும் லிவர்பூல். முதல் பாதியில் பின்தங்கிய கிளாட்பாக்குக்கு 52-ஆம் நிமிடத்தில் சிமொன்சன் சமன் செய்து நம்பிக்கை தந்தார். ஆனால் லிவர்பூல் மேலும் இரு கோல்கள் அடித்து 3-1 என வென்றது. அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது சிமொன்சனுக்குக் கிடைத்தது. கழகத்துக்குக் கோப்பை கிடைக்கவில்லை.

12-0 வென்றும் இரண்டாம் இடம்

1978 ஏப்ரல் 29, லீக்கின் கடைசி நாள். கிளாட்பாக்கும் கொலோனும் சம புள்ளிகளில் இருந்தன. கோல் வித்தியாசத்தில் கொலோன் 10 கோல்கள் முன்னிலை. கொலோன் அணியின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், ஹென்னஸ் வைஸ்வைலரே. பார்சிலோனாவில் ஓராண்டுகூட நிலைக்காமல் திரும்பிய அவர், இப்போது தாம் வளர்த்த பிள்ளைகளுக்கு எதிரே நின்றார்.

பொக்கல்பெர்க்கில் பணிகள் நடந்ததால் கிளாட்பாக் டுசல்டார்ஃபில் ஆடியது. எதிரணி பொருசியா டோர்ட்முண்ட். இடைவேளையில் 6-0, முடிவில் 12-0. தம் கடைசி லீக் ஆட்டத்தை ஆடிய ஹைன்கஸ் மட்டும் 5 கோல்கள் அடித்தார். புண்டஸ்லிகா வரலாற்றில் இன்றளவும் மிகப் பெரிய வெற்றி இதுவே. ஆனால் அதே நேரத்தில் கொலோன் 5-0 என வென்றுவிட்டது. இறுதிக் கணக்கில் இரு அணிகளுக்கும் 48 புள்ளிகள். கோல் வித்தியாசம் கொலோனுக்கு 45, கிளாட்பாக்குக்கு 42. மூன்றே கோல்களில் நான்காவது தொடர் பட்டம் நழுவியது. இவ்வளவு கோல்கள் எப்படி விழுந்தன என்று சந்தேகம் எழுந்து விசாரணை நடந்தது. முறைகேடு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. டோர்ட்முண்ட் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் பதவி இழந்தார்.

ஏன் நீடிக்கவில்லை?

இந்த வரலாற்றைப் படிக்கும் மாணவர் ஒருவர், 1977 வரை பேயர்னைவிட ஒரு படி மேலே நின்ற கழகம் பின்னர் ஏன் பின்தங்கியது என்று கேட்கக்கூடும். விடை ஆடுகளத்தில் இல்லை. அரங்கத்தின் அளவில் உள்ளது.

அக்காலத்தில் தொலைக்காட்சி வருமானமும் விளம்பர வருமானமும் மிகக் குறைவு. கழகத்தின் பிழைப்பு நுழைவுச்சீட்டு விற்பனையை நம்பியே இருந்தது. 1972 ஒலிம்பிக் போட்டிக்காக மியூனிக்கில் கட்டப்பட்ட அரங்கம் பேயர்னுக்குக் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 80,000 பேர் ஆட்டம் பார்க்கலாம். கிளாட்பாக்கின் பொக்கல்பெர்க் அதில் பாதிகூட இல்லை. பெரிய ஐரோப்பிய ஆட்டங்களை அது பக்கத்து நகரான டுசல்டார்ஃபில் ஆட வேண்டியிருந்தது. பட்டங்கள் சமமாக இருந்தபோதும் கல்லாப்பெட்டி சமமாக இல்லை.

கழக மேலாளர் ஹெல்முட் கிராஸ்ஹோஃப் வரவுக்கு மீறிச் செலவு செய்ய மறுத்தவர். கடனில் மூழ்காமல் கழகம் தப்பியதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கான விலை ஒவ்வோர் ஆண்டும் ஒரு நல்ல வீரரை விற்பது. 1973-இல் நெட்சர், 1976-இல் ஹென்னிங் யென்சன், 1977-இல் உலி ஸ்டீலிக் என மூவர் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றனர். 1978-இல் பொன்ஹோஃப் வலென்சியாவுக்கும், 1979-இல் சிமொன்சன் பார்சிலோனாவுக்கும் சென்றனர். விற்ற இடத்தில் புதிய இளைஞரை வளர்த்து நிறுத்தும் திறமை பல ஆண்டுகள் கழகத்தைக் காப்பாற்றியது. வளர்க்கும் வேகத்தைவிடப் போகும் வேகம் கூடியபோது சரிவு தொடங்கியது.

1978-79 பருவத்தில் லீக்கில் பத்தாம் இடமே கிடைத்தது. எனினும் அதே பருவத்தில் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேட் அணியை 1-1, 1-0 என வென்று யூஃபா கோப்பையை இரண்டாம் முறை கைப்பற்றியது. வெற்றிக் கோலைப் பெனால்டியில் அடித்தவர் சிமொன்சன். அத்துடன் அவர் விடைபெற்றார். லாட்டக்கும் சென்றார். கழகத்துக்காக 419 லீக் ஆட்டங்கள் ஆடி, வேறெந்தக் கழகத்துக்கும் போகாத ஃபோக்ட்ஸும் ஓய்வு பெற்றார்.

பின்னாளில்

1979-இல் பயிற்சியாளரான ஹைன்கஸ் அடுத்த ஆண்டே அணியை மீண்டும் யூஃபா கோப்பை இறுதிக்குக் கொண்டு சென்றார். அங்கு ஃபிராங்க்ஃபர்ட்டிடம் வெளியூர் கோல் விதியால் தோல்வி. அவர் அறிமுகப்படுத்திய லோத்தர் மத்தேயஸ் 1984-இல் பேயர்னுக்குச் சென்றார். 1987-இல் ஹைன்கஸே பேயர்னின் பயிற்சியாளரானார். 1965-இல் ஒன்றாக உள்ளே வந்த இரு கழகங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு உருவாகிவிட்டது என்பதை இந்த இரு பயணங்களும் காட்டின. 1995-இல் ஜெர்மன் கோப்பையை வென்ற கிளாட்பாக், 1999-இல் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. பின்னர் மீண்டும் மேலே வந்தது.

2004-இல் சுமார் 54,000 பேர் அமரவும் நிற்கவும் கூடிய புதிய அரங்கத்துக்குக் கழகம் இடம் மாறியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தேவைப்பட்டது அப்போதுதான் கிடைத்தது. பொக்கல்பெர்க் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இன்று வீடுகள் உள்ளன. புதிய அரங்கம் அமைந்துள்ள சாலைக்கு ஹென்னஸ் வைஸ்வைலரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கு ஆட வரும் இளைஞர்கள் இன்றும் "குதிரைக்குட்டிகள்" என்றே அழைக்கப்படுகின்றனர்.